கடல் பயணச் சொற்கள்: கொங்கு நாட்டுக்காரனுக்கு எவை வேண்டும்?

தாராபுரத்தான்:
பையன் எட்டாம் வகுப்பு. "கடலும் பயணமும்" என்று சொல் தொகுப்பு ஒன்று செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள், குறைந்தது நாற்பது சொல் வேண்டுமாம். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கே பார்த்தாலும் ஒரே வரிசைதான்: ஓடம், தோணி, அம்பி, பஃறி, நாவாய், வங்கம், கலம், திமில், புணை, மரக்கலம். எல்லாவற்றுக்கும் எதிரே "கப்பல், படகு" என்று ஒரே பொருள். அப்படியே எழுதிக் கொடுத்தால் மார்க் வந்துவிடும். ஆனால் பத்துச் சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்றால் எதற்கு அப்பா பத்து என்று கேட்கிறான், எனக்குப் பதில் இல்லை. எந்தப் பக்கம் வண்டி எடுத்தாலும் கடலைப் பார்க்க நமக்கு அரை நாள் ஆகிறது. யாராவது நிஜமாகவே வாயில் புழங்கும் சொற்கள் இருந்தால் சொல்லுங்க.

சென்னிமலை வாசகன்:
பையன் கேட்டது சரியான கேள்விங்க. பட்டியல் போடுகிறவர்கள் நிகண்டு என்கிற பழைய செய்யுள் அகராதியிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். நிகண்டு செய்யுள் எழுதுகிறவனுக்காக உண்டானது, அசைக்கு ஏற்ற சொல் கிடைத்தால் அவனுக்குப் போதும். பாட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது.

பஃறியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினப்பாலையில் அது உப்பு விற்று நெல்லோடு திரும்பும் படகு, கழியோரம் முளையில் வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஆழ்கடலில் அதற்கு வேலையே கிடையாது. திமில் மீன்பிடிக்கப் போவது. அம்பி, ஓடம் இரண்டும் பெரும்பாலும் ஆற்றைக் கடக்க, ஆளை அக்கரை சேர்க்க. புணை என்றால் மூங்கிலோ கட்டையோ சேர்த்துக் கட்டிய தெப்பம். நாவாயும் வங்கமும்தான் நடுக்கடல் போகிறவை, பாய் கட்டிக் காற்றில் ஓடுபவை. கலம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கலங்கரை விளக்கத்தில் இருப்பதும் அந்தக் கலம்தான், கரைதல் என்றால் கூப்பிடுதல். நீர்நிலை, அளவு, வேலை என்று மூன்று கட்டம் போட்டு அவனையே நிரப்பச் சொல்லுங்கள்.

குறள் 496-ஐயும் சேர்த்துவிடுங்கள். தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்று இடனறிதலில் வருவது. அங்கே அம்பி என்று போட்டிருந்தால் கருத்தே விழுந்துவிடும், ஏனென்றால் அம்பியும் கடலில் ஓடாது.

பனியன் ஊர்க்காரன்:
எல்லாம் சரிங்க வாசகன் அண்ணா, ஆனால் வங்கம் என்று இன்று யார் சொல்கிறார்கள்? திருப்பூரில் தினமும் ஆயிரம் வாய் கப்பலைப் பற்றிப் பேசுகிறது, அதில் ஒரு வாய் கூட நாவாய் என்று சொல்வதில்லை. (நாவாய், வாய்... சரி விடுங்க.)

எங்களுக்குக் கப்பல் என்றால் வெஸல். அவ்வளவுதான். வெஸல் பெயர், கட் ஆஃப் தேதி (சரக்கைத் துறைமுகத்தில் சேர்க்கக் கடைசி நாள்), கன்டெய்னர் இருபது அடியா நாற்பது அடியா, ஸ்டஃபிங் (அதற்குள் சரக்கை அடுக்குவது) எங்கே. சரக்கு தூத்துக்குடியில் ஏறும், பல நேரம் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே மதர் வெஸல் என்கிற பெரிய கப்பலுக்கு மாறும், அந்த மாற்றத்துக்கு டிரான்ஷிப்மெண்ட் என்று பெயர். ஏற்றியதற்குச் சாட்சி பி.எல்., அதாவது பில் ஆஃப் லேடிங். அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் பேங்கில் பணம் பேச முடியும். எஃப்.ஓ.பி. விலை என்றால் கப்பலில் ஏறும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையது, அதற்கப்புறம் வாங்குகிறவனுடையது. சி.ஐ.எஃப். என்றால் வாடகையும் காப்பீடும் நாம் கட்ட வேண்டும். கட் ஆஃப் தவறினால் "ஏர்ல போடணும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் முதலாளி முகத்தைப் பார்க்க முடியாது, அந்த ஆர்டரின் லாபம் முழுக்க விமானத்துக்குப் போய்விடும்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது சூயஸ் வழியை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்குக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடுதலாக ஆனது. அப்போதுதான் எங்கள் கட்டிங் மாஸ்டருக்கே அந்த முனையின் பெயர் தெரிந்தது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்துக்கொண்டதே, அப்போதும் இப்படித்தான், டீக்கடையில் எல்லாரும் கால்வாய் நிபுணர்கள். பையனின் நோட்டில் இந்தச் சொற்களும் இருக்கட்டும், நாளைக்குச் சோறு போடுவது இவைதான்.

சென்னிமலை வாசகன்:
சோறு போடும் சொல் எதுவோ அதையும் எழுதட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி பில்லும் கணக்கும். கடலே இல்லை அதில்.

பனியன் ஊர்க்காரன்:
வியாபாரம் இல்லாமல் எந்தக் காலத்திலுங்க கப்பல் கடலில் போனது?

முத்துநகர் மருமகள்:
ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான், பிறந்தது தூத்துக்குடி. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தருக்குச் செய்யுள், ஒருத்தருக்குக் கன்டெய்னர். நடுவில் கடலில் இருக்கிற ஆளை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள்.

எங்கள் ஊரில் தோணி என்றால் சின்னப் படகு கிடையாது. மரத்தில் கட்டி, கட்டுமானப் பொருளும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் சரக்குக் கப்பல். பள்ளிப் புத்தகம் "தோணி = சிறு படகு" என்று எழுதுகிறது, துறைமுகத்தில் வந்து அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தோணியை நடத்துகிறவர் தண்டல். மாலுமி, மீகாமன் எல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது.

மீன்பிடிக்கிறவர்கள் கடலுக்குப் போவதைத் "தொழிலுக்குப் போறது" என்பார்கள். ஒரே நாளில் திரும்பாமல் கடலிலேயே நாள் கணக்கில் இருந்து பிடிப்பது தங்குகடல். கிடைத்த மீன் பாடு. "பாடு எப்படி?" என்று கேட்டால் கஷ்டத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவை அப்படி நினைத்து ஆறுதல் சொல்லப் போனார். படகின் முன்பகுதி அணியம். கடலுக்குள் ஓடும் நீரோட்டம் நீவாடு. வலை போடும் முன் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். ஆழத்தை மீட்டரில் சொல்ல மாட்டார்கள், பாகம் என்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறு அடி. காற்றில் வாடை வடக்கேயிருந்து வருவது, கச்சான் மேற்கேயிருந்து, கொண்டல் கிழக்கேயிருந்து. கச்சான் பலமாக அடிக்கிற மாதங்களில் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதையும் எழுதச் சொல்லுங்கள். மீன் விலை ஏன் ஏறுகிறது என்று ஈரோட்டு மார்க்கெட்டில் கேட்கிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

தாராபுரத்தான்:
அக்கா, பாகம் என்ற சொல்லைப் பையன் உடனே பிடித்துக்கொண்டான். கையை விரித்து வீட்டையே அளந்துகொண்டிருக்கிறான். அவன் கைக்கு ஹால் மூன்று பாகம் வருகிறது, என் கைக்கு இரண்டரை கூட வரவில்லை.

கோபி மேட்:
சொந்த ஊர் கோபி பக்கம், வேலை சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது இரண்டாம் நிலை அதிகாரி. இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறேன். பெண்தான், "சார்" போட்டுப் பதில் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் பேச்சிலும் தமிழ் குறைவு, உள்ளதைச் சொல்கிறேன். கப்பலில் சேருவது சைன் ஆன், இறங்கி வீட்டுக்கு வருவது சைன் ஆஃப். போர்ட்டில் நிற்கும்போது ஊருக்குள் போய்வர விடுவது ஷோர் லீவ், கன்டெய்னர் கப்பலாக இருந்தால் அதுவும் சில மணி நேரம்தான், சரக்கை அவ்வளவு சீக்கிரம் இறக்கி ஏற்றிவிடுவார்கள். முறை வைத்துக் காவல் நிற்பதுதான் வாட்ச். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு. செகண்ட் மேட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து நாலு, பகலிலும் ராத்திரியிலும். போகும் பாதையை வரைபடத்தில் போட்டு வைப்பதும் என் வேலைதான், புறப்படும் துறையிலிருந்து சேரும் துறை வரை முழுசாகப் போட வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையும்போது அந்தத் துறையின் பைலட் ஏறி வருவார். கப்பல் கேப்டனுக்கு உலகமே தெரிந்திருக்கலாம், அந்த வாய்க்காலின் மணல்மேடு பைலட்டுக்குத்தான் தெரியும்.

தூரம் கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். அதனால் "மணிக்கு இத்தனை நாட்" என்று செய்தியில் எழுதுவது தப்பு, மணி அதற்குள்ளேயே இருக்கிறது. ராத்திரியில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வரும் கப்பலின் சிவப்பு மட்டும் தெரிகிறதா, பச்சை மட்டும் தெரிகிறதா, இரண்டும் தெரிகிறதா என்பதை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வோம். கப்பல் பக்கவாட்டில் தூரி (ஊஞ்சல்) ஆடுவது ரோலிங், முன்னும் பின்னும் எழுந்து விழுவது பிச்சிங். முதலாவதில் தூக்கம் வராது, இரண்டாவதில் சோறு இறங்காது.

வாசகன் அண்ணாவுக்கு ஒன்று. தொல்காப்பியத்தில் "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" என்று ஒரு வரி இருக்கிறதாமே, நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது எங்கள் தமிழாசிரியர் அதைச் சொல்லித்தான் வழியனுப்பினார். கிண்டலாகத்தான். ஆனாலும் மறக்கவில்லை.

சென்னிமலை வாசகன்:
இருக்கிறது தாயி. பொருளுக்காகத் தலைவன் கடல் கடந்து போகும்போது தலைவியை உடன் அழைத்துப் போகும் மரபு இல்லை என்று அகத்திணையில் வருவது. அகப்பாட்டு எழுதும் முறையைச் சொன்னது, வேலைக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொன்னது இல்லை. உங்கள் வாத்தியாருக்கும் அது தெரிந்திருக்கும். முந்நீர் என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். கடலுக்கு ஆழி, பரவை, புணரி, பௌவம் என்று நிறையப் பெயர் உண்டு, ஆனால் நான்கைந்துக்கு மேல் போக வேண்டாம், மறுபடி நிகண்டாகிவிடும்.

பல்லடம் காற்றாலை:
நான் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், காற்றாலைப் பராமரிப்பு வேலை. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை.

வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆடி முழுக்கப் பல்லடம், உடுமலை, பூளவாடி பக்கம் அடிக்கிற காற்று எங்கிருந்து வருகிறது? அரபிக்கடலிலிருந்து. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் என்கிற முப்பது நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் நுழைந்து நம்மிடம் வருகிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் நம்ம காட்டில் இத்தனை காற்றாலை நின்றிருக்காது.

அதே காற்றில்தான் ரோமானியக் கப்பல்கள் வந்தன. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஆடி மாதம் வாக்கில் கிளம்பி, செங்கடல் வாயிலில் உள்ள ஒசேலிஸ் துறையிலிருந்து இந்தக் காற்றைப் பிடித்தால் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைக்கு நாற்பது நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். திரும்பிப் போக மார்கழி வாக்கில் வடகிழக்குக் காற்று. இடையில் சில மாதம் இங்கே கிடக்க வேண்டியதுதான். காற்று திரும்பும் வரை கப்பலும் திரும்பாது. அந்தக் காற்றுக்கு கிரேக்கர்கள் வைத்த பெயர் ஹிப்பலஸ். நாம் ஆடிக்காற்று என்கிறோம், அம்மியும் பறக்கும் என்கிறோம். பையன் நோட்டில் கடல் பயணச் சொல் என்று ஆடிக்காற்றை எழுதினால் வாத்தியார் அடித்துவிடுவார், ஆனால் என்னைக் கேட்டால் முதல் சொல்லே அதுதான்.

சென்னிமலை வாசகன்:
அருமைங்க தம்பி. இப்படி ஒரு பதிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காற்று வந்த அதே கணவாய் வழியாகத்தான் சரக்கும் வந்தது, போனது. முசிறியில் இறங்கியது பாலக்காட்டுக் கணவாய் ஏறி, பேரூர் வெள்ளலூர் பக்கம் வந்து, நொய்யல் கரையோடு கொடுமணல், அப்புறம் கரூர், அப்படியே காவிரியோடு பூம்புகார். வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது, கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் காசு பொறுக்கினார்கள்.

கொடுமணல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். 1985 வாக்கில் தோண்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் பல தடவை. மணி செய்யும் பட்டறை, இரும்பு உருக்கிய உலை, பெயர் கீறிய பானை ஓடுகள் என்று வந்துகொண்டே இருந்தது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் எடுத்தது, சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்தது. கடலே பார்க்காத ஊரில் கடல் தாண்டிப் போகும் சரக்கைப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். பனியன் ஊர்க்காரரே, உங்கள் ஊர் அதே நொய்யல் கரையில் அதே வேலையைத்தான் செய்கிறது, கல்லுக்குப் பதில் துணி.

அதனால் நமக்கு உண்டான சொற்கள் நிலவழிச் சொற்கள். சாத்து என்றால் கூட்டமாகப் போகும் வணிகர்கள். கோவலன் அப்பா மாசாத்துவான், நிலவழி வணிகர். கண்ணகி அப்பா மாநாய்கன், கடல் வணிகர். அந்தக் கல்யாணமே தரையும் கடலும் செய்துகொண்ட சம்பந்தம். பெருவழி என்றால் நெடுஞ்சாலை, கோவை சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் "இராசகேசரிப் பெருவழி" என்று சோழர் காலக் கல்வெட்டு இன்னமும் இருக்கிறது. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று மைல்கல் நட்டு, எண் படிக்கத் தெரியாதவனுக்காகக் குழியும் வெட்டி வைத்திருந்தார்கள். தாவளம் சாத்து தங்கும் இடம். சுங்கம் என்ற சொல்லை விளக்கவே வேண்டாம், கோயமுத்தூரில் அந்தப் பெயருள்ள ஸ்டாப்பில் பஸ் நின்று போகும்.

பனியன் ஊர்க்காரன்:
சரி, இந்தச் சுற்று உங்களுக்கு. கஸ்டம்ஸை நானும் இனிமேல் சுங்கம் என்றே சொல்கிறேன், டூட்டி குறையுமா பார்க்கலாம்.

கொடுமுடி அம்மணி:
எல்லாரும் பெரிய பெரிய கப்பலாகப் பேசுகிறீர்கள், பரிசலை மறந்துவிட்டீர்களே. பாலம் கட்டும் முன் காவிரியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக அதுதான். மூங்கில் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்கள், இப்போது தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக்கும். ஏறும் இடம் பரிசல் துறை, ஓட்டுகிறவர் பரிசல்காரர், கையில் துடுப்பு. சிறுமுகைப் பக்கம் காந்தவயலில் பவானிசாகர் அணை நிறைந்து தண்ணீர் பின்னுக்கு ஏறினால் பரிசல்தான் வழி என்று அடிக்கடி செய்தியில் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, கடலைக் கண்ணால் பார்க்காத கிழவிகள் கூட எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு கப்பல் விடுவார்கள். "ஏன் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கற?" "மானம் கப்பலேறிப் போச்சு." மூத்த பெண் கல்யாணம் முடிந்தால் "ஒருத்தியைக் கரையேத்திட்டேன்." ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது சொத்துத் தகராறு வந்தால் கட்டாயம் வரும். இதையும் நோட்டில் எழுதலாம்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மலாயாவுக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினார், டெக் டிக்கெட். டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியது. பினாங்கை அவர் பினாங்கு என்று சொல்லிக் கேட்டதே இல்லை, "அக்கரைச் சீமை" என்பார். எங்களுக்கு அக்கரை என்றால் காவிரிக்கு அந்தப் பக்கம், சின்ன வயதில் பரிசலில் போனால் அந்தச் சீமை வந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். இலங்கைக்குப் போனவர்கள் போட் மெயில் ரயில் ஏறித் தனுஷ்கோடி போய், அங்கிருந்து ஸ்டீமரில் தலைமன்னார். 1964 புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போய்விட்டது. கட்டுச்சோறு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லையே. புளிச்சோறு கட்டாமல் எங்கள் ஊரில் யாரும் பயணம் போனதில்லை, அப்புச்சி கப்பலுக்கும் அதைத்தான் கொண்டு போனாராம், இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

தாராபுரத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. பையன் அகரவரிசையைக் கலைத்துவிட்டான். புலவர் சொல்வது, தண்டல் சொல்வது, கப்பல் அதிகாரி சொல்வது, திருப்பூர் சொல்வது, பாட்டி சொல்வது என்று ஐந்து பக்கம் பிரித்து எழுதுகிறான். நாற்பது எப்போதோ தாண்டிவிட்டது. ஆடிக்காற்று எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியாமல் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். வாத்தியார் என்ன சொல்வாரோ தெரியாது. கடைசியாக அவன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான்: படகின் முன்பக்கம் அணியம் என்றால், வட்டமாக இருக்கிற பரிசலுக்கு அணியம் எது?

முத்துநகர் மருமகள்:
இது எனக்கு எட்டாத கேள்வி, அம்மணி அக்காதான் சொல்ல வேண்டும்.

கொடுமுடி அம்மணி:
பரிசல்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்து துடுப்பைத் தன் பக்கமாக இழுக்கிறாரோ அதுதான் முன்பக்கம் சாமி. அவர் எழுந்து இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தால் முன்பக்கமும் கூடவே மாறிவிடும். பரிசலைத் திருப்பும் வேலை கிடையாது.